மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளும் டொமைன் விதி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையவழிப் பண மோசடிகளைப் பற்றித் தங்கள் நாளிதழ் இடைவிடாமல் எழுதிவருவதால், ஓடிபி எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது இன்று கிராமத்துப் பாட்டிமார்களுக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் ஒரு வணிகர் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி, பில் புத்தகத்திலும் பெயர்ப்பலகையிலும் அச்சிட்டு, வாடிக்கையாளர் மனத்தில் பதியவைத்த இணையப் பெயர், அதாவது டொமைன், அவருக்குத் தெரியாமலேயே இன்னொருவர் கைக்கு மாற்றப்படுவதைப் பற்றித் தமிழில் எழுதுவோர் மிகக் குறைவு. ஈரோடு மாவட்டத்தில் 16 ஆண்டுகளாகச் சிறு வணிகர்களுக்கு வலைத்தளம் அமைத்துப் பராமரித்துவரும் நான், என் பொறுப்பில் இருந்த ஒரு பெயருக்கு நேர்ந்ததைச் சொல்லி, மறுப்பு வராவிட்டால் பெயரை மாற்றிவிடலாம் என்று அதற்கு வழிவிட்ட ஒரு விதியை மாற்ற வேண்டும் என்று கேட்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பவானியில் ஜமக்காள வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவர் 2012 முதல் தம் கடையின் பெயரில் ஒரு டாட் காம் டொமைன் வைத்திருந்தார். கடந்த ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "ஏனுங்க தம்பி, நம்ம பேங்க் கணக்கு மாறிப்போச்சான்னு டென்மார்க்ல இருந்து கேட்கறாங்க. எனக்கே தெரியாம அது எப்படிங்க மாறும்?" என்று கேட்டார். அவருடைய மின்னஞ்சல் முகவரியிலிருந்தே, கடையின் முத்திரையோடு, முன்பணத்தைப் புதிய கணக்கில் செலுத்துமாறு ஒரு மடல் போயிருந்தது. நான் கணினியைத் திறந்து அந்தப் பெயரின் பதிவு விவரத்தைத் தேடிப் பார்த்தபோது, பதிவு நிறுவனம் (அதாவது, டொமைனை நம் பெயரில் பதிவு செய்து தரும் நிறுவனம்) என்ற வரியில் நாங்கள் கேள்விப்பட்டே இராத ஒரு வெளிநாட்டு நிறுவனம் இருந்தது. கடைசியாக மாற்றப்பட்ட நாள் என்ற வரியில் மூன்று நாட்களுக்கு முந்தைய வெள்ளிக்கிழமையின் தேதி இருந்தது. வலைத்தளம் அப்போதும் பழையபடியே திறந்தது. ஜமக்காளப் படங்களும் விலைகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. மடல்களைப் பெறும் சர்வர் மட்டும் வேறிடத்துக்குத் திருப்பப்பட்டிருந்தது. அந்த மூன்று நாட்களில் அவருக்கு வந்த ஒவ்வொரு கடிதத்தையும் முன்பின் தெரியாத ஒருவர் படித்துக்கொண்டிருந்தார்.

திருட்டு நடந்த விதத்தைப் பின்னர் படிப்படியாகக் கண்டுபிடித்தோம். 2012-ல் பெயரைப் பதிவு செய்துகொடுத்த வடிவமைப்பாளர், தொடர்பு மின்னஞ்சலாகத் தம் அலுவலக முகவரியையே கொடுத்திருந்தார். அவர் தொழிலை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போன பிறகு, அவருடைய சொந்த டொமைன் புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகி, யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்ற நிலைக்கு வந்தது. யாரோ ஒருவர் அதைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கி, பழைய மின்னஞ்சல் முகவரியை அப்படியே மறுபடி உருவாக்கி, பதிவு நிறுவனத்தின் தளத்தில் "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்ற பொத்தானை அழுத்தியிருக்கிறார். அத்துடன் கணக்கு அவர் கைக்கு வந்துவிட்டது. பிறகு மாற்றத்தைத் தடுக்கும் பூட்டைத் திறந்து, மாற்றத்துக்குரிய ரகசியக் குறியீட்டை எடுத்து, வெளிநாட்டு நிறுவனத்திடம் கொடுத்திருக்கிறார். உரிமையாளரின் பெயரையும் முகவரியையும் அவர் தொடவே இல்லை. தொட்டிருந்தால் 60 நாள் மாற்றத் தடை விழுந்திருக்கக்கூடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான்கு ஆண்டுகளாக அந்தக் கணக்கில் நுழைந்து ஆண்டுதோறும் புதுப்பித்துவந்த நான், கட்டணப் பக்கத்தைப் பார்த்தேனே தவிர, தொடர்பு விவரப் பக்கத்தை ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை. அது என் தவறு. பெரியவரிடமும் அதை ஒப்புக்கொண்டேன்.

ஆனால் என் தவறு மட்டுமே அந்தப் பெயரைக் கொண்டுபோகவில்லை. டாட் காம், டாட் நெட், டாட் ஆர்க் போன்ற பெயர்களுக்கு உலக அளவில் விதி வகுப்பது ஐகான் என்னும் அமைப்பு. ஒரு பெயரை ஒரு பதிவு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றக் கோரிக்கை வந்ததும், பழைய நிறுவனம் உரிமையாளரின் பதிவான மின்னஞ்சலுக்கு ஓர் உறுதிமடல் அனுப்ப வேண்டும். ஐந்து நாட்களுக்குள் அதற்கு மறுப்பு வராவிட்டால், மாற்றம் தானாகவே நிறைவேறிவிடும். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பதைப் பெண் பார்க்கும் வீட்டில் சொல்வார்கள். சொத்து கைமாறும் இடத்தில் யாரும் சொல்வதில்லை. நம் ஊரில் அரை சென்ட் நிலத்தை விற்பதானாலும், விற்பவர் சார்பதிவாளர் அலுவலகத்தில் நேரில் நின்று, புகைப்படம் எடுத்துக்கொண்டு, கைரேகை வைத்து, அடையாளம் காட்ட இரண்டு சாட்சிகளையும் கூட்டிவர வேண்டும். பத்திரப் பதிவு நடக்கப்போகிறது என்று ஒரு தபால் அனுப்பிவிட்டு, ஐந்து நாளில் பதில் வரவில்லை, ஆகவே நிலம் உங்களுடையது அன்று என்று ஒரு சார்பதிவாளர் சொன்னால் ஊர் பொறுக்குமா? எங்கள் விஷயத்தில் அந்தத் தபாலே திருடரின் வீட்டுக்குத்தான் போயிற்று.

இந்த விதி கெட்ட எண்ணத்தில் வந்ததாக நான் சொல்லவில்லை. முன்பு சில பதிவு நிறுவனங்கள், வாடிக்கையாளர் வேறிடம் போகக் கேட்டால் பதிலே சொல்லாமல் பெயரைப் பிடித்துவைத்துக்கொண்டன. வாடிக்கையாளரின் சுதந்திரத்தைக் காப்பதற்காகவே, மறுப்பு வராவிட்டால் மாற்றம் நடக்கும் என்ற கொள்கை 2004 நவம்பர் 12 அன்று நடைமுறைக்கு வந்தது. அது வந்த இரண்டே மாதத்தில், 2005 ஜனவரி நடுவில் ஒரு வார இறுதியில், நியூயார்க் நகரின் மிகப் பழைய இணையச் சேவை நிறுவனமான பானிக்ஸ் தன் டாட் காம் பெயரை இழந்தது. பெயரின் உரிமை ஆஸ்திரேலியாவிலுள்ள ஒரு நிறுவனத்துக்கும், அதன் சர்வர் விவரங்கள் பிரிட்டனுக்கும், வாடிக்கையாளர்களின் மடல்கள் கனடாவுக்கும் திருப்பப்பட்டிருந்தன. ஆஸ்திரேலியப் பதிவு நிறுவனமான மெல்போர்ன் ஐடி, மாற்றத்துக்கு முன் செய்ய வேண்டிய சரிபார்ப்பில் பிழை நேர்ந்ததாகப் பின்னர் ஒப்புக்கொண்டது. வார இறுதி முடிந்து அலுவலகம் திறந்த பிறகே பெயர் திரும்பியது. அந்த நிகழ்வையொட்டி ஐகானின் பாதுகாப்பு ஆலோசனைக் குழு 2005 ஜூலையில் டொமைன் கடத்தலைப் பற்றி ஒரு முழு அறிக்கையே வெளியிட்டது. அதற்குப் பிறகு இருபது ஆண்டுகள் கடந்தும், பவானியில் ஒரு வியாபாரி அதே கதவு வழியாகத் தம் பெயரை இழந்திருக்கிறார் என்பதுதான் என்னை எழுதவைக்கிறது.

அதற்கும் முந்தைய ஒரு வழக்கைச் சட்டம் படிப்போர் அறிவர். அமெரிக்காவில் கேரி கிரமென் என்பவர் 1994-ல் பதிவு செய்த ஒரு பெயரை, 1995-ல் ஸ்டீஃபன் கோஹன் என்பவர் ஒரு போலிக் கடிதத்தைக் காட்டித் தமதாக்கிக்கொண்டார். கிரமெனின் நிறுவனம் அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டதென்றும், அந்த நிறுவனத்துக்கு நேரடி இணைய இணைப்பு இல்லாததால் கடிதம் மூலம் தெரிவிப்பதாகவும் அதில் எழுதியிருந்தது. இணைய இணைப்பே இல்லாத நிறுவனம் எதற்காக இணையப் பெயர் வைத்திருக்கிறது என்று, அந்தப் பெயரைப் பதிவு செய்திருந்த நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம் யோசிக்கவில்லை. கிரமெனை ஒரு முறை தொலைபேசியில் கேட்கவும் இல்லை. பெயரை மீட்க அவருக்கு ஐந்து ஆண்டுகள் பிடித்தன. நீதிமன்றம் 6.5 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. கோஹன் மெக்சிகோவுக்குத் தப்பிவிட்டார். 2003-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், டொமைன் பெயர் சட்டப்படி ஒரு சொத்து என்றும், அதை அலட்சியமாக இன்னொருவரிடம் ஒப்படைத்த பதிவு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டிவரும் என்றும் கூறியது. மறு ஆண்டில் நம் உச்ச நீதிமன்றமும் சத்யம் இன்ஃபோவே வழக்கில், டொமைன் பெயருக்கு வணிகச் சின்னத்தின் இயல்புகள் உண்டு, அதற்குரிய பாதுகாப்பும் உண்டு என்று தீர்ப்பளித்தது. ஆகவே இது சொத்தா இல்லையா என்ற விவாதம் என்றோ முடிந்துவிட்டது. சொத்துக்குரிய காவல்தான் இன்னும் வரவில்லை.

திருடர்கள் அவசரப்படுவதில்லை என்பதற்கு 2021-ல் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பெர்ல் என்னும் நிரல்மொழியின் பெயரிலுள்ள டாட் காம் தளம் அந்த ஆண்டு ஜனவரி இறுதியில் திடீரென்று வேறு சர்வரைக் காட்டியது. அதை நடத்தியவர்கள் கணினித் துறையிலேயே ஊறியவர்கள். அவர்கள் பின்னர் எழுதிய விளக்கத்தின்படி, பதிவு நிறுவனத்திலிருந்த கணக்கு 2020 செப்டம்பரிலேயே கைமாறியிருந்தது. டிசம்பரில் பெயர் சீனாவிலுள்ள ஒரு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டது. ஜனவரியில் அங்கிருந்து இன்னொன்றுக்குப் போனது. அதுவரை சர்வர் விவரங்களை யாரும் தொடாததால், தளம் வழக்கம்போல் இயங்கியது, யாருக்கும் சந்தேகம் எழவில்லை. பிறகு அந்தப் பெயர் 1,90,000 டாலர் விலையில் சந்தையில் விற்பனைக்கு வைக்கப்பட்டது. பிப்ரவரித் தொடக்கத்தில் அதை மீட்டார்கள். உலகெங்கும் நிபுணர் நண்பர்களைக் கொண்டவர்களுக்கே நான்கு மாதம் தெரியாமல் போயிற்று என்றால், ஜமக்காளக் கடையில் யார் கண்டுபிடிப்பார்கள்?

இவ்வளவும் சொன்ன பிறகு, தடுக்க வழியே இல்லையோ என்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. வழி இருக்கிறது. பதிவு நிறுவனத்தின் பக்கத்தில் நாமே போடவும் திறக்கவும் கூடிய பூட்டு ஒன்று உண்டு. அது கணக்கைப் பிடித்தவனுக்கும் திறக்கும். அதற்கு மேல், டாட் காம் பெயர்களின் மூலப் பதிவேட்டை வைத்திருக்கும் வெரிசைன் போன்ற அமைப்பின் மட்டத்தில் போடப்படும் பூட்டு ஒன்று உண்டு. அதை இணையதளத்தில் ஒரு பொத்தானை அழுத்தித் திறக்க முடியாது. முன்கூட்டியே குறிக்கப்பட்ட நபர், பதிவு நிறுவனத்தின் வழியாக, அடையாளச் சொல்லோடு தனியே உறுதி செய்தால்தான் மனிதர் ஒருவர் அதைத் திறந்துவிடுவார். 2013 ஆகஸ்ட் 27 அன்று சிரிய எலெக்ட்ரானிக் ஆர்மி என்ற குழு, மேற்சொன்ன அதே மெல்போர்ன் ஐடி நிறுவனத்தின் மறுவிற்பனையாளர் ஒருவரின் கடவுச்சொல்லைப் போலி மடல் மூலம் பறித்து, நியூயார்க் டைம்ஸ் இதழின் தளத்தைப் பல மணி நேரம் முடக்கியது. அதே நிறுவனத்திடம் பதிவாகியிருந்த ட்விட்டரின் முதன்மைப் பெயரை அவர்களால் திருப்ப முடியவில்லை, ஏனெனில் அதற்கு மூலப் பதிவேட்டுப் பூட்டு இருந்தது. ட்விட்டர் தன் படங்களுக்காக வைத்திருந்த வேறொரு பெயருக்கு அந்தப் பூட்டு இல்லாததால், அது மட்டும் பாதிக்கப்பட்டது. அன்று நடந்தது பதிவு நிறுவன மாற்றம் அல்ல, சர்வர் விவர மாற்றம். ஆனால் இந்தப் பூட்டு இரண்டையுமே தடுப்பது. ஒரே நாளில், ஒரே கடவுச்சொல்லில், பூட்டிய வீடு தப்பித்தது, பூட்டாத வீடு போனது. இதைவிடத் தெளிவான சான்று வேறு வேண்டியதில்லை. எனினும் இந்தப் பூட்டைப் பல பதிவு நிறுவனங்கள் பெரிய நிறுவனங்களுக்கு மட்டும், சிறு வணிகர் எட்ட முடியாத கட்டணத்தில் விற்கின்றன. சில நிறுவனங்களின் உதவி மையத்தில் கேட்டால், அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

இதற்கிடையில் பழைய காவல் ஒன்றும் தளர்ந்துவிட்டது. 2018 மே மாதம் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும், பொதுப் பதிவேட்டில் உரிமையாளரின் மின்னஞ்சல் மறைக்கப்பட்டது. அது நல்லதே. ஆனால் அதுவரை பெயரைப் பெறும் நிறுவனமும் உரிமையாளரிடம் சம்மதம் கேட்க வேண்டும் என்றிருந்த நிபந்தனை, கேட்க முகவரி தெரியாது என்ற காரணத்தால் கைவிடப்பட்டது. இப்போது அந்த ரகசியக் குறியீடு ஒன்றே சாவி. ஐகானின் கொள்கைக் குழு 2025-ல் முடித்த மறுஆய்வில், குறியீட்டுக்கு 14 நாள் மட்டுமே ஆயுள் என்றும், குறியீடு வழங்கியதும் உரிமையாளருக்கு உடனே அறிவிப்பு போக வேண்டும் என்றும், மாறிவந்த பெயரை 30 நாட்களுக்கு மறுபடி மாற்றக் கூடாது என்றும் பரிந்துரைத்திருக்கிறது. வரவேற்கிறேன். ஆயினும் அந்த அறிவிப்பும் அதே மின்னஞ்சல் முகவரிக்குத்தான் போகுமென்றால், எங்கள் பெரியவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. முகவரியே திருடப்பட்டிருக்கும்போது அந்த முகவரிக்கு எத்தனை மடல் அனுப்பினாலும் அத்தனையும் திருடருக்கே அனுப்பப்படுகின்றன.

இழந்தவருக்கு முறையிட இடம் இல்லை என்பது இன்னொரு கொடுமை. பெயர் தகராறுகளுக்கென 1999 முதல் இருக்கும் தீர்வு முறை, வணிகச் சின்னத்தை வைத்திருப்பவர் போலிப் பதிவை எதிர்ப்பதற்காக அமைந்தது. உலக அறிவுசார் சொத்து அமைப்பில் அதற்குத் தொடக்கக் கட்டணமே 1,500 டாலர். தவறான மாற்றங்களுக்கென்றே ஐகான் வைத்திருக்கும் முறையில் உரிமையாளர் மனுச் செய்ய முடியாது, பதிவு நிறுவனம்தான் செய்ய முடியும். அவசர நேரத்துக்கென்று ஒவ்வொரு பதிவு நிறுவனமும் ஒரு தொடர்பை வைத்திருக்க வேண்டும், நான்கு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்ற விதி 2012 முதல் இருக்கிறது. அந்தத் தொடர்பையும் உரிமையாளர் பயன்படுத்த முடியாது. எங்கள் பதிவு நிறுவனத்தின் உதவி மையத்தில் இதைப் பற்றி ஆறு நாள், ஆறு வெவ்வேறு பேரிடம் பேசினேன். எல்லோரும் மிகப் பணிவாக, "பதிவான மின்னஞ்சலிலிருந்து முறையான ஒப்புதல் வந்திருக்கிறது, சார்" என்றே சொன்னார்கள். ஒப்புதல் வரவில்லை, மறுப்பு வரவில்லை, இரண்டும் வேறு வேறு என்று நான் சொன்னதை எழுதிக்கொண்டவர் ஒருவரும் இல்லை. காவல் துறையில் எங்கள் புகாரைக் கேட்ட அதிகாரி கனிவானவர்தான். ஆனால் பணம் எவ்வளவு போனது என்பதே அவருடைய முதல் கேள்வி. டென்மார்க் வாடிக்கையாளர் முன்னெச்சரிக்கையாக விசாரித்ததால் பணம் போகவில்லை என்றதும், புகாரை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்பதே ஒரு மணி நேரப் பேச்சாயிற்று. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு, இன்னொருவரின் கடவுச்சொல்லையோ மின்னணு அடையாளத்தையோ மோசடியாகப் பயன்படுத்துவதற்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. அதைக் காட்டிய பிறகே புகார் பதிவாயிற்று.

பெயர் 37-ஆம் நாள் திரும்பியது. பெரியவர் 12 ஆண்டுகளாகக் கட்டணம் செலுத்திய வங்கி அட்டை ரசீதுகளையும், அந்தப் பெயர் அச்சிட்ட பழைய பில் புத்தகங்களையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுப் பாதுகாத்து வைத்திருந்தார். அவற்றை ஒவ்வொன்றாகப் படமெடுத்து அனுப்பியதுதான் எங்களைக் காப்பாற்றியது. அந்த 37 நாட்களில் கடிதம் எழுதிப் பதில் கிடைக்காமல் வேறிடம் போன வாடிக்கையாளர்கள் எத்தனை பேர் என்பதை அவரால் இனி அறிய முடியாது.

ஐகானின் விதியை நாம் இங்கிருந்து உடனே மாற்றிவிட முடியாது. ஆனால் டாட் இன் பெயர்களை நிர்வகிப்பது மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழுள்ள நிக்சி என்னும் அமைப்பு. அந்தப் பெயர்களுக்கு விதி வகுக்கும் உரிமை நம் நாட்டிலேயே இருக்கிறது. உரிமையாளர் ஆம் என்று சொன்னால் ஒழிய எந்தப் பெயரும் மாறக் கூடாது. மௌனத்தை மறுப்பாகவே கொள்ள வேண்டும். அந்த ஆம் என்ற சொல்லும் மின்னஞ்சல் வழியாக மட்டும் இல்லாமல், பதிவான கைபேசிக்கு, தமிழ் உட்பட அவரவர் மொழியில் போகும் செய்தி வழியாகவும் பெறப்பட வேண்டும். நம் வங்கிகள் ஆயிரம் ரூபாய்க்குச் செய்வதை ஒரு கடையின் பெயருக்குச் செய்யக் கூடாதா? திருட்டு என்று புகார் வந்த பெயரை, விசாரணை முடியும்வரை மேலும் கைமாறாமல் அதே நாளில் நிறுத்திவைக்கும் அதிகாரமும் கடமையும் ஒரு மேசைக்கு இருக்க வேண்டும். மூலப் பதிவேட்டுப் பூட்டை எல்லாப் பதிவு நிறுவனங்களும் சிறு வணிகருக்கும் கட்டுப்படியாகும் கட்டணத்தில் வழங்க வேண்டும் என்பதை அவற்றின் உரிம நிபந்தனையாகவே சேர்க்கலாம். வங்கிகளின் பெயர்களைக் காக்க ரிசர்வ் வங்கி 2025-ல் பேங்க் டாட் இன் என்று முடியும் தனி டொமைன் பிரிவை ஏற்படுத்தி, ஐதராபாத்திலுள்ள ஓர் அமைப்பை மட்டுமே அதற்குப் பதிவாளராக அமர்த்தி, அந்த ஆண்டு அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. வேண்டும் என்று நினைத்தால் செய்ய முடிகிறது.

விதி மாறும்வரை, டொமைன் வைத்திருக்கும் வாசகர்கள் இன்றே தங்கள் பெயரின் பதிவு விவரத்தைத் தேடிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நிலை என்ற வரியில் "கிளையண்ட் டிரான்ஸ்ஃபர் புரோஹிபிடெட்" என்ற சொற்கள் இருந்தால் பதிவு நிறுவனத்தின் பக்கத்துப் பூட்டு போடப்பட்டிருக்கிறது. இல்லாவிட்டால் உடனே போடச் சொல்லுங்கள். தொடர்பு மின்னஞ்சல் உங்களுடையதா, வடிவமைப்பாளருடையதா என்று கணக்கினுள் சென்று பாருங்கள். அந்த மின்னஞ்சல் அதே டொமைனில் இருந்தாலும் ஆபத்துதான், ஏனெனில் பெயர் போனால் புகார் செய்யும் முகவரியும் சேர்ந்தே போய்விடும். கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கிவையுங்கள். ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

என் தொழிலில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வாடிக்கையாளருக்குத் தொந்தரவு வேண்டாம் என்று நாமே நம் மின்னஞ்சலில் பெயரைப் பதிவு செய்து கொடுப்பது, அடுத்தவர் வீட்டுப் பத்திரத்தை நம் பெட்டியில் வைத்துக்கொள்வதற்குச் சமம். இக்கடிதத்தை எழுதும் முன் நான் பராமரிக்கும் 43 பெயர்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஆறு பெயர்களுக்குப் பூட்டு இல்லை. மூன்று பெயர்களில் தொடர்பு முகவரி என்னுடையதாகவே இருந்தது. ஆறையும் அன்றிரவே பூட்டினேன். மூன்று உரிமையாளர்களையும் நேரில் பார்த்து, அவர்களுடைய கைபேசியை அவர்கள் கையிலேயே வைத்துக்கொண்டு, கணக்கை மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வலைத்தளப் பராமரிப்பாளர் ஒருவர்,
ஈரோடு மாவட்டம்.